முகப்பு மாறலாம், மொழி மாறலாமா?

வெம்பக்கோட்டையை அடுத்து, வைப்பாற்றின் கரையிலுள்ள உச்சிமேட்டைத் தமிழ்நாட்டுத் தொல்லியல் துறையினர் 2022-ஆம் ஆண்டு மீனத் திங்களில் அகழத் தொடங்கினர். மூன்று கட்டங்களாக நடந்த அவ்வகழ்வில் சங்கு வளையல்கள், சுடுமண் உருவங்கள், மணிகள், பொன்னணிகள், நுண்கற்கருவிகள் என ஆயிரக்கணக்கான பொருள்கள் வெளிப்பட்டன. அடுக்கின் மேல் அடுக்காகக் கிடந்த அம்மண்ணில் ஓருண்மை தெற்றென விளங்கிற்று. கருவிகள் மாறிக்கொண்டே வந்துள்ளன. கைகளும் அவற்றிற்குப் பழகிக்கொண்டே வந்துள்ளன. கல்லைத் தீட்டிய கை இரும்புக்குப் பழகிற்று. இரும்பைப் பிடித்த கை பொறிக்குப் பழகிற்று. இஃது இயல்பு, இதில் வருந்துதற்கு ஒன்றுமில்லை.

ஆனால், கருவி மாறுந்தோறும் அக்கருவியில் எழுதப்பெற்ற மொழியும் உடன் நழுவிப் போகுமானால், அதனை இயல்பென்று விட்டுவிட முடியுமா? அத்தகைய நழுவல், அம்மேட்டினின்று கூப்பிடு தொலைவிலுள்ள வீடுகளிலே, மடிக்கணிப்பொறித் திரைகளிலே, ஓசையின்றி நடந்து வருகின்றது. தமிழ்நலம் கருதுவார் அதனை இன்னும் கண்திறந்து பார்த்தாரில்லை.

2011-ஆம் ஆண்டு செப்டம்பரில் தமிழ்நாட்டு அரசு, மேனிலைப்பள்ளி மாணாக்கர்க்கும் கல்லூரி மாணாக்கர்க்கும் விலையில்லா மடிக்கணிப்பொறி வழங்கத் தொடங்கிற்று. வெடியாலையிலும் தீப்பெட்டி ஆலையிலும் நாட்கூலிக்கு உழைப்பார் பலர்தம் வீட்டிற்குள் கணிப்பொறி என்னும் கருவி முதன்முறையாக நுழைந்தது அவ்வழியேதான். அத்திட்டத்தின் தொடக்கத்தில் வந்த பொறிகளில் இரண்டு இயங்குதளங்கள் இருந்தன. ஒன்று மைக்ரோசாப்டு நிறுவனத்தின் விண்டோசு. மற்றொன்று நடுவணரசின் சீ-டாக் நிறுவனம் உருவாக்கிய பாசு இலினக்சு. முன்னது விலைக்கு விற்கப்படுவது. அதன் நிரல்வரிகளை அந்நிறுவனத்தார் தவிரப் பிறர் காணவும் இயலாது. பின்னது கட்டற்றது, எவரும் பெறலாம், படிக்கலாம், திருத்தலாம், பிறர்க்கு வழங்கலாம். ஏழைக்கு ஏற்றது இவற்றுள் எது என்று சொல்லவேண்டுவதில்லை. ஆயினும், கற்பிப்பாரின்மையால் பல வீடுகளில் அப்பின்னது திறக்கப்படாமலே கிடந்தது.

இக்கட்டற்ற மென்பொருளின் வரலாறு சுருக்கமானது, ஆனால் பெருமைக்குரியது. 1983-ஆம் ஆண்டு அமெரிக்க நாட்டின் ரிச்சர்டு சுடால்மன் குனு என்னும் பெயரால் அதற்கு வித்திட்டார். 1991-இல் பின்லாந்து நாட்டு மாணவராயிருந்த இலினசு தோர்வால்டுசு இலினக்சின் கருவை எழுதினார். கருவி வலிமையாயிருந்தும், அதன் முகம் பொதுமக்கட்கு எட்டாததாயிருந்தது. கருந்திரையில் ஆணைகளைத் தட்டெழுதத் தெரிந்தாரே அதனை ஆண்டனர். அக்குறையைப் போக்க 1996-இல் செருமானியரான மத்தியாசு எட்ரிச்சு கே.டி.ஈ. என்னும் பணிமேடையைத் தொடங்கினார். 1997-இல் மெக்சிகோ நாட்டினர் இருவர் குனோம் என்னும் மற்றொரு பணிமேடையைத் தொடங்கினர். பணிமேடையாவது யாது? பொறியைத் திறந்தவுடன் கண்முன் விரியும் பரப்பும், அதிலுள்ள பட்டிகளும், குறிப்படங்களும், சாளரங்களும், கோப்புறைகளும் சேர்ந்த தொகுதி. மக்கள் கணிப்பொறி என்று அறிவது உண்மையில் இம்முகத்தையே.

இம்முகம் நிலையாக நின்றதில்லை. 2008-ஆம் ஆண்டு சனவரியில் கே.டி.ஈ. தன் நான்காம் பதிப்பை முற்றுப்பெறா நிலையிலேயே வெளியிட்டு, பழகிய பயனர் பலரைத் திகைக்க வைத்தது. 2011-ஆம் ஆண்டு ஏப்பிரலில் குனோம் தன் மூன்றாம் பதிப்பை வெளியிட்டது. மேற்புறத்துப் பட்டிகள் மறைந்தன. கீழ்ப்புறத்துச் சாளரவரிசை மறைந்தது. சாளரத்தைச் சுருக்கும் குமிழும் மறைந்தது. அதே திங்களில் உபுண்டு இயங்குதளமும் தன் முகத்தை மாற்றி, இடப்புறத்தே செங்குத்துப் பட்டை கொண்ட யூனிட்டியை முன்வைத்தது. பத்தாண்டுப் பழக்கம் ஒரே நாளில் பயனற்றுப் போயிற்று. தோர்வால்டுசே அப்புதிய குனோமை வெளிப்படையாகக் கடிந்து, எக்சு.எஃப்.சி.ஈ. என்னும் எளிய பணிமேடைக்குச் சென்றார். ஆக்கியோனே பழகிய முகத்தைத் தேடி அலைந்தான் என்றால், எளிய பயனரின் இடர்ப்பாட்டை எள்ளி நகையாடுதற்கு யார்க்கும் தகுதியில்லை. பழகிய கைக்கு ஒரு மதிப்புண்டு; அதனை மதியாது முகத்தை மாற்றுவோர் பிறருடைய உழைப்பைத் திருடுவோரே ஆவர்.

எனினும், இங்கேதான் கட்டற்ற மென்பொருளின் சிறப்பு வெளிப்படுகின்றது. மாற்றத்தை ஏலாதார் வெறுமனே புலம்பிக்கொண்டிருக்க வேண்டுவதில்லை. பழைய குனோமின் நிரல்வரிகளை எடுத்து மாத்தே என்னும் பணிமேடையைச் சிலர் வளர்த்தனர். பழைய கே.டி.ஈ.யைத் திரினிட்டி என்னும் பெயரால் சிலர் காத்தனர். புதிய குனோமின் அடித்தளத்தின்மேல் பழைய அமைப்பைக் கட்டிச் சினமன் என்று பெயரிட்டனர் மிண்டு இலினக்சினர். 2017-இல் உபுண்டு நிறுவனம் யூனிட்டியைக் கைவிட்டுக் குனோமுக்குத் திரும்பியபோது, அதனையும் சிலர் கைவிடவில்லை. 2020-இல் பத்து அகவையளவினனான இந்தியச் சிறுவன் ஒருவன் முன்னின்று அதற்கு மீண்டும் உயிரூட்டினான். 2022-இல் அவன் முயற்சி உபுண்டுக் குடும்பத்தில் முறையாக ஏற்கப்பெற்றது. ஆயின் 2025-ஆம் ஆண்டு அக்டோபர் வெளியீட்டை அம்முயற்சியால் எட்ட முடியவில்லை, கைகள் போதவில்லை. உரிமை மட்டும் போதாது, உழைக்கும் கைகளும் வேண்டும் என்பதற்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டுமோ?

மற்றொரு புறத்தையும் பார்த்தல் வேண்டும். 2012-இல் மைக்ரோசாப்டு தன் எட்டாம் விண்டோசில் தொடக்கக் குமிழை நீக்கியது. உலகெங்கும் பயனர் முணுமுணுத்தனர். ஆனால், அவர்களால் செய்யக்கூடியது யாதும் இருந்ததில்லை. ஓராண்டு கழித்து நிறுவனமே மனமிரங்கிக் குமிழைத் திருப்பித் தந்தது. 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு பத்தாம் விண்டோசுக்குரிய வழக்கமான காப்பும் முடிவுற்றது. பதினொன்றாம் விண்டோசோ பழைய பொறிகள் பலவற்றை ஏற்பதில்லை. வெம்பக்கோட்டையில் ஓர் உழைப்பாளி வீட்டுப் பரணில் கிடக்கும் பழைய மடிக்கணிப்பொறி இனிக் குப்பையா, கருவியா? கட்டற்ற இயங்குதளத்தை இட்டால் கருவி, இடாவிட்டால் குப்பை. விலை கொடுத்து வாங்கியவன் அங்கே குடிக்கூலிக்கு இருப்பவன். இங்கோ அவன் வீட்டுக்குரியவன். இவ்வேறுபாட்டை நம் மக்கட்கு எடுத்துரைப்பார் வேண்டும்.

இனி, மொழிக்கு வருவோம். பணிமேடையில் தோன்றும் ஒவ்வொரு சொல்லும் எங்கிருந்து வருகின்றது? நிரலை எழுதுவோர் ஆங்கிலத்தில் எழுதுகின்றனர். அவ்வாங்கிலத் தொடர்கள் அனைத்தும் ஒரு தனிக்கோப்பில் வரிசையாகத் தொகுக்கப்படுகின்றன. ஒவ்வொரு தொடரின் கீழும் தமிழ்த் தொடரை எழுதுபவர் தன்னார்வலர், கூலி பெறாதவர், பெரும்பாலும் பெயரும் அறியப்படாதவர். பொறி தமிழுக்கு அமைக்கப்பட்டால், அது கோப்பைப் பார்த்துத் தமிழ்த் தொடரை எடுத்துத் திரையில் காட்டும். இம்முறை அமைப்பால் எளிது; அதனாலேயே பெருநிறுவனம் எதன் ஒப்புதலும் இன்றித் தமிழன் தன் திரையைத் தமிழாக்கிக்கொள்ள முடிகின்றது.

ஆனால் அதில் ஒரு நுட்பம் உளது. அதனை அறியாதாரே மிகப் பலர். பணிமேடை மாறும்போது ஆங்கிலத் தொடரும் மாறுகின்றது. ஒரு தொடரில் ஒரு சொல் மாறினும், பழைய தமிழ்த் தொடர் பொருந்துமோ பொருந்தாதோ என்று பொறி ஐயுற்று, அதன்மேல் ஐயக்குறி இட்டு ஒதுக்கிவிடும். ஒருவர் மீண்டும் வந்து பார்த்து அக்குறியை நீக்கும்வரை அத்தமிழ் திரைக்கு வாராது. அவ்விடத்தில் ஆங்கிலமே தோன்றும். புதிதாகச் சேர்ந்த தொடர்க்கோ தமிழே இராது, அங்கும் ஆங்கிலமே. குனோம் ஆண்டுக்கு இருமுறை, மார்ச்சிலும் செப்டம்பரிலும், புதுப் பதிப்பு வெளியிடுகின்றது. ஆண்டுக்கு இருமுறை தமிழ் உதிர்கின்றது என்று பொருள். எவரும் தமிழை அழிக்கவில்லை. எவரும் ஆணையிட்டு நீக்கவில்லை. பேணுவாரின்மையால் அது தானே உதிர்கின்றது. பகைவன் இல்லாமலே தோற்கின்ற தோல்வி இது.

இம்முயற்சி தொடங்கிய காலம் இப்படி இருந்ததில்லை. இருபதாம் நூற்றாண்டு முடிந்து இருபத்தொன்று பிறந்த அந்நாள்களில், ஒருங்குறி பரவாத நிலையில், தமிழகத்திலும் ஈழத்திலும் அயல்நாடுகளிலும் வாழ்ந்த இளைஞர்கள் மின்மடலால் ஒன்றுகூடிக் கே.டி.ஈ. பணிமேடையின் சொற்களைத் தமிழாக்கினர். சென்னையில் ழ-கணினி என்னும் முயற்சி எழுந்தது. குனோமும் தமிழ் பேசிற்று. 2012-ஆம் ஆண்டு தோன்றிய கணியம் இதழ், கட்டற்ற மென்பொருளை எளிய தமிழில் கற்பிக்கும் நூல்களை இன்றளவும் விலையின்றி வழங்கி வருகின்றது. இவை போற்றத்தக்க தொண்டுகள். ஆனால், தொடங்கினார் பலர், தொடர்ந்தார் சிலர். தமிழர்க்கு விழா எடுப்பதில் உள்ள ஊக்கம், விழா முடிந்தபின் களை எடுப்பதில் இல்லை. முதற்பதிப்பு வெளிவந்த நாளில் கைதட்டியவருள் எத்துணைப் பேர் அடுத்த பதிப்புக்கு ஒரு தொடரேனும் எழுதினர்?

“தமிழ் முகப்பை யார் பயன்படுத்துகின்றனர்? எல்லாரும் ஆங்கிலத்திற்கே பழகிவிட்டனரே” என்பார் உளர். இவ்வினாவுக்கு நேரிய விடை சொல்லியாக வேண்டும். பாதி தமிழும் பாதி ஆங்கிலமுமாய்க் கிடக்கும் முகப்பை எவரும் பயன்படுத்தார். அரைகுறைத் தமிழைக் கண்டு ஆங்கிலத்திற்கு ஓடியவனைப் பார்த்து, “தமிழ் வேண்டாம் என்றான்” என எழுதுவது பொய்க்கணக்கு. மேலும், ஆங்கிலம் கற்ற மகனுக்கு எம்முகப்பும் ஒன்றே. அவ்வீட்டுத் தாய் யார்? வெடியாலைக்குச் சென்று திரும்பித் தமிழ் மட்டும் எழுத்துக்கூட்டிப் படிப்பவள். அவள் அப்பொறியை ஆளலாமா, ஆளக்கூடாதா என்பதை அத்திரையின் மொழியே முடிவு செய்கின்றது. தமிழில் இருந்தால் அவள் தானே திறப்பாள். ஆங்கிலத்தில் இருந்தால் மகனை அழைப்பாள். மகன் இல்லாதபோது மூடி வைப்பாள். மொழியுரிமை என்பது மேடைப்பேச்சன்று, இதுதான்.

இவ்விடத்தில் தனித்தமிழன்பர் தம் குறையையும் ஒப்புக்கொள்ளுதல் வேண்டும். ஒருவர் பணிமேடை என்பார். மற்றொருவர் மேசைத்தளம் என்பார். வேறொருவர் திரைமுகப்பு என்பார். ஒருவர் கோப்புறை என எழுதியதை அடுத்து வந்தவர் அடைவு எனத் திருத்துவார். மூன்றாமவர் அதனையும் திருத்துவார். ஒவ்வொரு சொல்லும் தன்னளவில் நல்ல தமிழாயிருக்கலாம். ஆனால், பதிப்புதோறும் சொல் மாறினால் பயனர் எதற்குப் பழகுவார்? ஆங்கில முகப்பில் பட்டியின் இடம் மாறினும் அதன் பெயர் பெரும்பாலும் மாறுவதில்லை. பெயரைப் பற்றிக்கொண்டு கண் தேடிக் கண்டுவிடுகின்றது. தமிழ் முகப்பிலோ இடமும் மாறுகின்றது, பெயரும் மாறுகின்றது. பற்றுதற்கு யாதும் இல்லை. தூய்மையை நாடும் நாம், நிலைபேற்றையும் நாடவேண்டாமா?

மாற்றத்திற்குத் தமிழர் பழகமாட்டார் என்பது பொய். 1978-ஆம் ஆண்டு அக்டோபரில் தமிழ்நாட்டு அரசு, பெரியார் 1935 முதல் தம் இதழில் கையாண்டு வந்த எழுத்துச் சீர்திருத்தத்தை ஆணையாக்கிற்று. பதின்மூன்று எழுத்துகள் வடிவு மாறின. அச்சகம் மிகுந்த சிவகாசியில் ஈய எழுத்துகளைக் கோத்துப் பழகிய கைகள், எழுத்துப்பெட்டியில் புதிய வரிசைக்குப் பழகவேண்டியிருந்தது. பழகின. பின்னர் ஈய எழுத்தே போய்க் கணிப்பொறி வந்தது, அதற்கும் பழகினர். பின்னர் 2010-இல் அரசு ஒருங்குறியை ஏற்றது. எழுத்துருவுக்கொரு குறியீடாகச் சேர்த்து வைத்த பழங்கோப்புகள் படிக்கவியலாதனவாயின. மாற்றிகளைக் கொண்டு மாற்றிப் பழகினர். எழுத்துச் சீர்திருத்தம் வென்றமைக்குக் கரணியம் என்ன? மாற்றம் ஒருமுறை அறிவிக்கப்பட்டது, பாடநூலில் ஏறியது, ஆசிரியர் கற்பித்தனர், பின்னர் அது நிலைத்து நின்றது. பழக்கத்திற்கு வேண்டுவன இவையே.

பணிமேடைத் துறையில் இதற்கு நேர்மாறாக நடந்தது. 2018-இல் வெளிவந்த பதினொன்றாம் வகுப்புக் கணிப்பொறிப் பாடநூல், விண்டோசோடு உபுண்டுவையும் கற்பித்தது. இது பாராட்டத்தக்க முடிவே. ஆனால், அந்நூல் காட்டிய முகப்பு இடப்புறப் பட்டையுடைய யூனிட்டி. உபுண்டு அதனை 2017-ஆம் ஆண்டு அக்டோபர்ப் பதிப்பிலேயே விட்டொழித்திருந்தது. நூலில் ஒன்றும் திரையில் ஒன்றுமாகக் கண்ட மாணாக்கன் என்ன செய்வான்? நூலை மனப்பாடம் செய்வான். பொறியில் விண்டோசைத் திறப்பான். குற்றம் அவனுடையதன்று.

அண்டை மாநிலமான கேரளத்தைப் பார்க்கலாம். அங்கே பள்ளிகளில் கட்டற்ற மென்பொருளே கற்பிக்கப்படுகின்றது. அரசின் கைட்டு நிறுவனம் உபுண்டுவின் நீள்காப்புப் பதிப்பை எடுத்துப் பள்ளிக்கேற்பத் திருத்தி வெளியிடுகின்றது; ஆசிரியர்க்குப் பயிற்சியும் தருகின்றது. உபுண்டுவின் நீள்காப்புப் பதிப்பு ஈராண்டுக்கு ஒருமுறை வருவது, ஐந்தாண்டு காக்கப்படுவது. அதனைப் பற்றிக்கொண்டால், ஆறு திங்களுக்கொருமுறை அலையவேண்டுவதில்லை. மலையாளத்தார்க்கு இயன்றது தமிழர்க்கு இயலாதா?

செய்யவேண்டுவன பெரியன அல்ல. முதற்கண், பணிமேடைக்குரிய அடிப்படைச் சொற்களைத் தமிழறிஞரும் மென்பொருள் வல்லாரும் கூடி ஒருமுறை வரையறுத்து, பிழையென்று தெளிந்தாலன்றி மாற்றுவதில்லை என உறுதி பூணுதல் வேண்டும். தம் சொல் ஏற்கப்படாதவர் சினந்து ஒதுங்குதலும், தம் சொல்லைத் திருட்டுத்தனமாக நுழைத்தலும் ஒழியவேண்டும். இரண்டாவதாக, தமிழ்மன்றம் ஒவ்வொன்றும் ஒரு மென்பொருளை ஏற்றுக்கொள்ளட்டும். குனோமின் வெளியீட்டுக்குச் சில கிழமைகளுக்கு முன்னர் ஆங்கிலத் தொடர்களை மாற்றாது நிறுத்தி வைக்கின்றனர். மொழிபெயர்ப்பாளர்க்கென்றே விடப்படும் இடைவெளி அது. ஆண்டுக்கு இருமுறை வரும் அவ்விடைவெளியில் பத்துப்பேர் நாளுக்கு ஒருமணி நேரம் அமர்ந்தால், உதிர்ந்தவற்றை மீட்டல் அரிதன்று. கணிப்பொறி வல்லுநரே வேண்டும் என்பதில்லை; பிழையறத் தமிழெழுதத் தெரிந்த ஆசிரியர் போதும். மூன்றாவதாக, அரசு பாடநூலையும் பள்ளிப்பொறியையும் ஒரே பதிப்பில் நிறுத்தி, இப்பணி செய்வார்க்கு ஊதியமும் தருதல் வேண்டும். மொழிக்கென ஒதுக்கும் பொருள் சிலையிலும் பந்தலிலும் முடிந்துவிடலாகாது. இறுதியாக, ஒவ்வொரு தமிழன்பரும் தம் வீட்டுப் பொறியைத் தமிழுக்கு அமைத்துக்கொள்ளல் வேண்டும். தாம் பயன்படுத்தாத முகப்பின் குறையை எவரும் அறியார். அறியாக் குறையை எவரும் தீரார்.

மொழியில் பழையன நீங்குதலும் புதியன சேர்தலும் இயல்பே என்று பவணந்தியார் இலக்கணத்திலேயே இடம் தந்தார். ஆகவே, முகப்பு மாறுவது கண்டு அஞ்சவேண்டா. பட்டை இடம் மாறட்டும், குமிழ் மறையட்டும், நாளை இன்றைய பணிமேடையே இல்லாது போகட்டும். கை பழகிக்கொள்ளும். ஆனால், அடுத்த முகப்பு விரியும்போது அதில் தமிழ் இருக்குமா என்பதை எந்நிறுவனமும் முடிவு செய்யப் போவதில்லை. வரும் மார்ச்சிலும் செப்டம்பரிலும் ஐயக்குறியிட்டு ஒதுக்கப்பட்ட தொடர்கள் வரிசையாய்க் காத்துக் கிடக்கும். அவற்றின்முன் அமர்வார் எத்தனைப் பேர் என்பதே வினா. உச்சிமேட்டை அகழ்ந்து தமிழர் தொன்மையைக் காட்டுதல் நன்று. அம்மேட்டின் கீழ் வாழும் தமிழச்சி தன் திரையைத் தன் மொழியில் படிக்கச் செய்தல் அதனினும் நன்று. தமிழன்பர்கள் எண்ணிப் பார்ப்பார்களாக. எண்ணியபின் எழுத அமர்வார்களாக!